சின்ன பட்ஜெட் பேய்க் காமெடியின் பிரீமியருக்குப் போகிறவருக்கு

கேள்வி இதுதான்: நண்பர் ஒருவர் சிறு வேடத்தில் நடித்திருக்கும் குறைந்த பட்ஜெட் பேய்க் காமெடிப் படத்தின் பிரீமியருக்கு அழைப்பு வந்திருக்கிறது. இதுவரை எந்தப் பிரீமியருக்கும் போனதில்லை. அங்கே என்ன நடக்கும், எப்படி நடந்துகொள்வது, படம் சரியில்லை என்றால் வெளியே வந்து நண்பரிடம் என்ன சொல்வது?

உண்மையில் உங்களை உறுத்துவது அந்தக் கடைசிப் பகுதிதான் என்று நினைக்கிறேன். அதற்கான சுருக்கமான பதில்: சிரிப்பு வந்தால் சிரியுங்கள், வராவிட்டால் சும்மா உட்கார்ந்திருங்கள். நண்பருக்காகச் சிரிக்க வேண்டாம். நான் எடிட்டிங் மேசைப் பக்கம் இருப்பவன், அதனால் நான் சொல்வதில் அந்தப் பக்கத்துச் சாய்வு கொஞ்சம் இருக்கும். ஆனால் இந்த ஒரு விஷயத்தில் இயக்குநர், எடிட்டர், ஒலிக்கலவை செய்தவர் எல்லாருமே என்னோடு ஒத்துப்போவார்கள்.

முதலில் இது எந்த மாதிரியான பிரீமியர் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் பல விதமான காட்சிகள் நடக்கின்றன. படத்தில் வேலை செய்தவர்களுக்கும் அவர்கள் வீட்டாருக்கும் மட்டும் போடுவது ஒன்று. திரைப்பட விழாவில் முதன்முறையாகத் திரையிடுவது இன்னொன்று. வெளியீட்டுக்குச் சற்று முன்பு விமர்சகர்களையும் மற்ற சினிமாக்காரர்களையும் கூப்பிட்டுக் காட்டுவதும் உண்டு. முதல் வகையில் படம் இன்னும் முழுதாக முடிந்திருக்காமல் இருக்கலாம். கிராபிக்ஸ் ஒன்றிரண்டு அரைகுறையாக நிற்கும். விழா என்றால் 'உலகின் முதல் காட்சி' என்ற பட்டத்துக்கே மதிப்பு உண்டு. பெரிய விழாக்கள் பலவும் தங்களிடம் வருவதற்கு முன் படம் வேறெங்கும் பொதுவில் காட்டப்பட்டிருக்கக் கூடாது என்று கேட்கும். அதனால் வீட்டார் காட்சிக்குப் போய் வந்துவிட்டு, "இன்று பிரீமியர் பார்த்தேன்" என்று நீங்கள் சந்தோஷமாகப் பதிவு போட்டால் அங்கே யாருக்காவது தூக்கம் போகலாம். எதைச் சொல்லலாம், எப்போதிலிருந்து சொல்லலாம் என்று நண்பரிடம் கேட்டுவிடுங்கள்.

காட்சி தாமதமாகத் தொடங்கும். ஏறக்குறைய நிச்சயம். பிரமுகர் வரவில்லை என்பது ஒரு காரணம், ஆனால் எப்போதும் அதுவே இல்லை. இன்று படம் அரங்குக்கு டிசிபி என்ற டிஜிட்டல் தொகுப்பாக வருகிறது. அதை ஹார்ட் டிஸ்க்கிலிருந்து அரங்கின் சர்வருக்குள் ஏற்றவே நேரம் பிடிக்கும். பூட்டிய டிசிபி என்றால் அதைத் திறக்கக் கேடிஎம் என்கிற சாவிக் கோப்பு தனியாக வர வேண்டும். அந்தச் சாவி ஒரு குறிப்பிட்ட சர்வருக்கு, குறிப்பிட்ட மணியிலிருந்து குறிப்பிட்ட மணிவரைதான் வேலை செய்யும். கூட்டம் அதிகம் என்று கடைசி நிமிடத்தில் இரண்டாவது திரையிலிருந்து மூன்றாவது திரைக்கு மாற்றினால், பழைய சாவி அங்கே திறக்காது. பெரிய கம்பெனிகளுக்கு இதைப் பார்த்துக்கொள்ள ஆள் இருக்கும். சின்னப் படத்தில் இதைப் பார்த்துக்கொள்பவரே வாசலில் நின்று பாஸையும் சரிபார்த்துக்கொண்டிருப்பார். இந்தத் தலைவலியே வேண்டாம் என்று பூட்டாத டிசிபியைக் கொண்டுவருகிறவர்களும் நிறைய. ஆக, அரை மணி தாமதம் ஆனால் ஏதோ விபரீதம் என்று நினைக்க வேண்டாம். நண்பரிடம் "ஏன் இன்னும் போடல?" என்று மட்டும் கேட்காதீர்கள், அவருக்கும் தெரியாது.

இருக்கை குறித்திருக்காவிட்டால் வரிசையின் நடுவில், திரையிலிருந்து மூன்றில் இரண்டு பங்கு பின்னால் உட்காருங்கள். அரங்கின் ஒலியை அளந்து சரிசெய்வது பொதுவாக அந்த இடத்தை வைத்துத்தான். அந்த இடத்தில் இன்னொரு வசதியும் இருக்கிறது: முன்னால் இருக்கும் தலைகள் எல்லாம் தெரியும். பேய்க் காமெடியில் பாதிப் படம் அந்தத் தலைகளில்தான் ஓடுகிறது.

சரி, இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பிரீமியர் கூட்டம் சாதாரணக் கூட்டம் கிடையாது. அதில் பாதிப்பேர் படத்தில் வேலை செய்தவர்கள், மீதியில் பாதி அவர்களின் உறவினர்கள். அவர்கள் திரையில் இல்லாத படத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். பேய் மெதுவாகக் கதவைத் திறக்கும். உங்களுக்கு அது சாதாரண ஷாட். பின்னால் ஒரு வரிசையே வெடித்துச் சிரிக்கும், ஏனென்றால் அந்த ஷாட் எடுத்த ராத்திரி விக் கதவில் மாட்டிக்கொண்டு கழன்றது அவர்களுக்கு ஞாபகம் வருகிறது. டைட்டிலில் லைட்மேன் பெயர் வந்தால் கைதட்டல். இயக்குநரின் அம்மா ஒரு காட்சியில் தெருவைக் கடந்து போனால் ஆரவாரம். புதிதாக வருகிறவர் 'எனக்கு மட்டும்தான் புரியவில்லையோ?' என்று குழம்பிப்போவார். குழம்ப வேண்டாம். உங்களுக்குப் புரியாதது எதுவும் அங்கே நடந்துவிடவில்லை.

சிரிப்பு தொற்றும். மனிதர்கள் தனியாக இருக்கும்போது சிரிப்பதைவிடக் கூட்டத்தில் ஏறக்குறைய 30 மடங்கு அதிகம் சிரிக்கிறார்கள் என்று சிரிப்பை ஆராய்ந்த ராபர்ட் பிரொவைன் எழுதியிருக்கிறார். ஆகவே எடிட் அறையில் இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்து 'இந்த ஜோக் எடுபடும்' என்று முடிவு செய்வதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது. அமெரிக்க நகைச்சுவைக் குழுவான மார்க்ஸ் சகோதரர்கள் 1935இல் வந்த தங்கள் படம் ஒன்றின் நகைச்சுவைக் காட்சிகளைப் படப்பிடிப்புக்கு முன்பே மேடையில் நடித்துக்காட்டி ஊர் ஊராகப் போனார்கள். எந்த வசனத்துக்குக் கூட்டம் எவ்வளவு நேரம் சிரிக்கிறது என்று அளந்து, அந்த அளவுக்குப் படத்தில் இடைவெளி விட்டார்கள். இடைவெளி விடாவிட்டால் முதல் ஜோக்கின் சிரிப்பில் இரண்டாவது ஜோக் முங்கிவிடும். அதிகம் விட்டுவிட்டாலோ, சிரிப்பு வராத அரங்கில் அந்த மௌனம் அசிங்கமாக நிற்கும்.

வெறும் காமெடிப் படத்துக்கே இவ்வளவு பாடு. பேய்க் காமெடியில் இதற்கு மேல் இன்னொரு சிக்கல். பயமுறுத்த அமைதி வேண்டும். அரங்கில் முந்தைய சிரிப்பின் வால் மிச்சமிருந்தால் அடுத்து வரும் பயம் செத்துவிடும். அதேபோல, பயத்தை ரொம்ப இறுக்கிவிட்டால் அடுத்த ஜோக்குக்குச் சிரிக்க ஆளுக்குத் தைரியம் வராது. இரண்டுக்கும் நடுவில் எவ்வளவு மூச்சு விடுவது என்பதுதான் இந்த வகைப் படத்தின் மொத்த வித்தையும். அது எடிட்டிங்கில் பிரேம் கணக்கில் நடக்கிற வேலை, முழு அரங்கில் போட்டுப் பார்க்காமல் யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

அதனால்தான் பிரீமியரில் இயக்குநரும் எடிட்டரும் பெரும்பாலும் பின்னால் சுவரோரம் நிற்பார்கள். அவர்கள் திரையைப் பார்ப்பதில்லை, காது கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் காதுக்கு அரங்கில் மூன்று சிரிப்பு கேட்கும். ஒன்று ஜோக்குக்கு வருவது. கூர்மையாகத் தொடங்கி ஒரே சமயத்தில் எழும். இரண்டாவது, தூக்கிவாரிப் போட்ட பிறகு வருவது. திடீர்ச் சத்தத்துக்கு உடம்பு குலுங்குவதும் கண் சிமிட்டுவதும் அனிச்சையாக, ஒரு நொடியின் சிறு பகுதிக்குள் நடந்து முடிந்துவிடும், பேயை நம்புகிறோமா இல்லையா என்பதற்கு அங்கே இடமே இல்லை. அது அடங்கியதும் 'சே, இதுக்கா பயந்தோம்' என்று ஒரு சிரிப்பு அங்கங்கே கிளம்பும், பக்கத்து இருக்கைக்காரரைப் பார்த்துக்கொண்டே. மூன்றாவது, படத்தைப் பார்த்துச் சிரிப்பது: பேயின் முகமூடி ஓரம் தெரிகிறது, தீவிரமான வசனத்தில் நடிகர் தடுமாறுகிறார், ஒருவர் களுக்கென்று சிரிக்கிறார். முதல் இரண்டும் சோறு போடும். மூன்றாவதுதான் வயிற்றைக் கலக்கும். ஆனால் அதையும் கேட்டாக வேண்டும், கேட்டால்தான் வெளியீட்டுக்கு முன் அந்த ஷாட்டைத் தூக்க முடியும்.

நீங்கள் அன்பினால் சேர்க்கிற பொய்ச் சிரிப்பு இந்த மூன்றையும் குழப்பிவிடுகிறது. எடுபடாத ஜோக் எடுபட்டதாகப் பதிவாகிவிடும். வெளியான பிறகு, யாரையும் தெரியாத ஒரு கூட்டத்தின் முன்னால் அதே இடத்தில் மௌனம் விழும், அப்போது திருத்த வழி இருக்காது. உங்களைப் போல வெளியிலிருந்து வருகிற ஆட்கள் அந்த அரங்கில் கொஞ்சம்தான். உங்கள் மௌனத்துக்கும் அங்கே பயன் இருக்கிறது.

படத்தில் சில குறைகளுக்குப் படக்குழு மேல் பழி போடாதீர்கள். இருட்டுக் காட்சியில் ஒன்றும் தெரியவில்லையா? அரங்கத் திரையின் நடுவில் இருக்க வேண்டிய ஒளி அளவு 48 நிட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு). சாதாரண மானிட்டர்கள் 100 நிட்டுக்கும் மேல் போகும். சின்னப் படங்களில் வண்ணத் திருத்தம் அந்த மானிட்டரில்தான் நடந்திருக்கும். அங்கே பளிச்சென்று தெரிந்த பேய் இங்கே கருப்புக்குள் கருப்பாக நிற்கும். அரங்கின் புரொஜெக்டர் விளக்கு பழையதாக இருந்தால் அந்த 48கூட இருக்காது. ஒலியும் அப்படியே. சின்ன அறையில் பக்கத்து ஸ்பீக்கரில் கலந்த ஒலி, பெரிய அரங்கில் வேறு மாதிரி நடந்துகொள்ளும். திடுக்கிட வைக்கும் சத்தம் காதைப் பிளக்கிறது என்று யாராவது புகார் சொன்னதும் ஆப்பரேட்டர் மொத்த ஒலியையும் இறக்குவார். ஒலிக் கட்டுப்பாட்டில் நிர்ணயித்த அளவு 7 என்றால் 5க்கு வரும். அதோடு முணுமுணுப்பாகப் பேசிய வசனம் எல்லாம் போயிற்று. காமெடிப் படத்தில் முணுமுணுப்பாகப் போட்ட வசனம்தான் பல சமயம் பெரிய சிரிப்பு. அரங்கு காலியாக இருக்கும்போது சோதித்திருப்பார்கள். ஆள் நிறைந்ததும் இருமல், செருமல், இருக்கை கிறீச்சிடுவது எல்லாம் சேர்ந்து மெல்லிய ஒலிகளை விழுங்கிவிடும்.

பணம் இல்லாததால் வரும் குறைகள் வேறு. ஏன் இத்தனை சின்னப் படங்கள் பேயைப் பிடித்துக்கொள்கின்றன? ஒரே வீடு, நாலைந்து நடிகர்கள், ராத்திரி வேலை, நட்சத்திரம் தேவையில்லை. இருட்டு, செட் போடும் செலவை மறைத்துவிடும். காமெடி சேர்ந்தால் முகமூடியின் மலிவே ஒரு ஜோக் ஆகிவிடும். இதைத் தெரிந்து செய்கிறவர்களும் இருக்கிறார்கள், மாட்டிக்கொண்ட பிறகு 'வேண்டுமென்றேதான் அப்படி எடுத்தோம்' என்று சமாளிக்கிறவர்களும் இருக்கிறார்கள். வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன்: மலிவாகத் தெரிகிற பொருளைப் படம் எவ்வளவு நேரம் காட்டுகிறது, படத்தில் இருக்கிற ஆட்கள் அதற்கு எப்படி முகம் காட்டுகிறார்கள் என்று கவனியுங்கள். நடிகர் அந்த ரப்பர் கையைப் பார்த்து உண்மையாகப் பயந்தால், ரப்பர் ரப்பராகத் தெரிந்தும் காட்சி நிற்கும். அவரே கண்ணடித்தால் எல்லாம் போச்சு.

முதல் இருபது நிமிடத்தில் முடிவு கட்டிவிடவும் வேண்டாம். ஜப்பானில் ஷினிச்சிரோ உவேடா இயக்கிய 'ஒன் கட் ஆஃப் தி டெட்' படத்துக்கு ஆன செலவு சுமார் 30 லட்சம் யென். 2017 நவம்பரில் டோக்கியோவில் ஒரு சிறிய அரங்கில் சில நாள் மட்டும் ஓடியது. தொடக்கத்தில் 37 நிமிடம் ஒரே ஷாட். அதில் நடிப்பு விறைப்பாக இருக்கும், நடுநடுவே அர்த்தமில்லாத இழுவை வரும், கேமரா சும்மா கிடக்கும். எழுந்து போகத் தோன்றும். போகாமல் உட்கார்ந்திருந்தவர்களுக்கு என்ன கிடைத்தது என்று இங்கே சொல்ல மாட்டேன், பார்க்காதவர்களின் வயிற்றெரிச்சலை வாங்கிக்கொள்ள ஆசையில்லை. மறு வருடம் அது 300 கோடி யென்னுக்கு மேல் வசூலித்தது. எல்லாச் சின்னப் படமும் அப்படி என்று சொல்ல வரவில்லை, பெரும்பாலானவை இருபது நிமிடத்தில் எப்படித் தெரிந்ததோ அப்படியேதான் முடியும். இருந்தாலும் பிரீமியரில் எழுந்து போகாதீர்கள். அழைத்தவரின் கண் உங்கள் இருக்கை மேல்தான் இருக்கும்.

அரங்கு வாசலில் ஏதாவது கூத்து நடந்தால் ஆச்சரியப்பட வேண்டாம். சவப்பெட்டி வைத்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்வார்கள், வேடம் போட்ட ஆள் இருட்டில் தோளைத் தொடுவார். இந்த மரபு பழையது. அமெரிக்கத் தயாரிப்பாளர் வில்லியம் காசில் 1958இல் தன் படத்துக்கு வந்தவர்களுக்கு, பயத்தில் செத்தால் 1000 டாலர் என்று ஆயுள் காப்பீட்டுச் சான்றிதழ் கொடுத்தார். அடுத்த வருடம் சில அரங்குகளில் இருக்கைக்கு அடியில் மோட்டார் வைத்து அதிரவிட்டார். அமெரிக்க இயக்குநர் சாம் ரெய்மி தன் 'ஈவில் டெட்' படத்தை 1981 அக்டோபர் 15 அன்று டெட்ராய்ட்டில் ரெட்ஃபோர்ட் அரங்கில் முதன்முதலில் போட்டபோது வாசலில் ஆம்புலன்ஸ் நிறுத்தி வைத்திருந்தார். படத்துக்கு அன்று பெயரே வேறு. அந்த ஆம்புலன்ஸ் வெறும் விளம்பரம் என்று தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சீட்டில் உட்காரும் முன்பே ஆட்களைச் சிரிக்கவும் கொஞ்சம் பயப்படவும் வைத்துவிட்டால், முதல் ரீல் அந்த வேலையைச் செய்ய வேண்டியதில்லை. பேய்க் காமெடிக்குக் கூட்டத்தைப் பதமாக்கி உள்ளே அனுப்புவது பாதி வெற்றி. யாராவது தோளைத் தொட்டால் கத்திவிடுங்கள், தப்பில்லை.

சில்லறை விஷயங்கள். அழைப்பில் ஒன்றும் சொல்லாவிட்டால் சுத்தமான சாதாரண உடை போதும். சின்னப் படத்தின் பிரீமியரில் நடிகர்களே அப்படித்தான் வருவார்கள். போனை அணைத்துவிடுங்கள், மௌனத்தில் போட்டால் போதாது, திரை வெளிச்சம் இருட்டுக் காட்சியைக் கெடுக்கும். திரையைப் படம் பிடிக்கவே பிடிக்காதீர்கள், ஒரு நொடிகூட. குழந்தைகளை அழைத்துப்போவதாக இருந்தால் 'காமெடிதானே' என்று நம்பி விடாமல் நண்பரிடம் ரத்தம் எவ்வளவு என்று நேராகக் கேளுங்கள். படபடவென்று மின்னும் விளக்குகள் இந்த வகைப் படத்தில் அதிகம். உங்களுக்கோ கூட வருகிறவருக்கோ வலிப்பு நோய் இருந்தால் அதையும் முன்பே கேட்டுவிடுங்கள். படம் முடிந்ததும் பெயர்கள் ஓடி முடியும்வரை உட்காருங்கள். மற்ற காட்சிகளில் எப்படியோ, இங்கே அந்தப் பெயர்களுக்குச் சொந்தக்காரர்கள் உங்கள் பக்கத்திலேயே இருக்கிறார்கள்.

அதன் பிறகு கேள்வி–பதில் இருக்கலாம். 'பட்ஜெட் எவ்வளவு?' என்று கேட்காதீர்கள். விநியோகப் பேச்சு நடந்துகொண்டிருக்கும். சொன்ன எண் அவர்கள் பேரத்தைக் கெடுக்கும், அதனால் மழுப்புவார்கள், நீங்களும் அசடு வழிய வேண்டியிருக்கும். 'அந்தப் படத்தின் பாதிப்பா?' என்பதும் வேண்டாம். ஒரு காட்சியை எப்படி எடுத்தார்கள் என்று கேளுங்கள். பணம் இல்லாத இடத்தில் எதையாவது புதிதாகச் செய்திருப்பார்கள், அதைச் சொல்ல ஆள் கிடைக்காதா என்றுதான் தவித்துக்கொண்டிருப்பார்கள். ரத்தம் எதில் செய்தது என்று கேட்டுப் பாருங்கள். சோளச் சிரப்பும் உணவு நிறமும் கலந்த அந்தப் பிசின் துணியில் ஒட்டி, முடியில் ஒட்டி, எறும்பு மொய்த்த கதை மேக்கப் செய்தவரிடம் கண்டிப்பாக இருக்கும்.

இப்போது அந்தக் கடைசிக் கேள்வி. படம் சரியில்லை, நண்பர் எதிரே வருகிறார், கண்ணில் ஆவல். அன்றைக்கு ராத்திரி விமர்சனம் வேண்டாம். அவருக்கு அதைக் கேட்கிற நிலைமை இருக்காது. ஆனால் பொய்யும் தேவையில்லை. உண்மையிலேயே பிடித்த ஒன்றைக் கண்டுபிடித்து, குறிப்பாகச் சொல்லுங்கள்: "மாடிப்படியில் நீ திரும்பிப் பார்த்த இடத்துல நிஜமா பயந்துட்டேன்." இப்படி ஒரு வரி, "சூப்பர், பிரமாதம்" என்பதைவிட அவரை வெகுநேரம் தாங்கும். படம் பார்க்கும்போதே இப்படி ஒரு இடத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளுங்கள், முடிந்த பிறகு தேடினால் கிடைக்காது. ஒன்றுகூட இல்லையா? "இவ்வளவையும் செஞ்சு முடிச்சு திரைக்குக் கொண்டுவந்துட்டீங்களே" என்பதும் உண்மைதான், அதைச் சொல்லலாம். 'வித்தியாசமான முயற்சி' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். சினிமாக்காரர் எல்லாருக்கும் அதன் அர்த்தம் தெரியும்.

ஒரு நாள் கழித்து அவரே கேட்டால் அப்போது திறந்து பேசுங்கள், அதுவும் தீர்ப்பாக இல்லாமல் நடந்ததைச் சொல்லுங்கள். 'இரண்டாம் பாதி போர்' என்றால் எடிட்டருக்கு அதை வைத்து ஒன்றும் செய்ய முடியாது. 'கிணற்றடிக் காட்சியில் எல்லாரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள், அதனால் பேய் வந்ததே தெரியவில்லை' என்றால் அவர் அங்கே சில பிரேம்களைச் சேர்த்துப் பார்ப்பார். எந்த இடத்தில் போனைப் பார்க்கத் தோன்றியது, எந்த வசனம் காதில் விழவில்லை, கொலை செய்தது யார் என்று எப்போது ஊகித்தீர்கள் — இவை போதும். டிசிபியை மறுபடி செய்வது செலவுதான், ஆனால் வெளியீட்டுக்கு வாரங்கள் இருந்தால் பலர் செய்கிறார்கள்.

இணையத்தில் ஏதாவது எழுதுவதாக இருந்தால், அழைப்பின் பேரில் பார்த்தேன், நடித்தவர் என் நண்பர் என்று முதல் வரியிலேயே சொல்லிவிட்டு எழுதுங்கள். நண்பர் கேட்டுக்கொண்டாலும், மதிப்பெண் போடும் தளங்களில் பத்துக்குப் பத்து போட வேண்டாம். வெளியான முதல் நாளே நாற்பது பேர் பத்து போட்டிருந்தால் படிக்கிறவர்களுக்கு யார் போட்டது என்று புரிந்துவிடும், அதன் பிறகு நியாயமாகப் பாராட்டி எழுதுகிறவர்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். படம் பிடித்திருந்தால் வெளியான பிறகு டிக்கெட் வாங்கி, படக்குழுவில் யாரையும் தெரியாத இரண்டு பேரை அழைத்துக்கொண்டு இன்னொரு முறை போய்வாருங்கள். அவர்கள் எங்கே சிரித்தார்கள் என்று நண்பரிடம் சொல்லுங்கள்.